முதல் ஃபைபர் படகு: வாங்குவதற்கு முன்னும் வாங்கிய பின்னும்

என் முதல் படகை வாங்கிய அன்று அதன் எஞ்சினைத்தான் ஒரு மணி நேரம் பார்த்தேன். கயிற்றை ஒரே இழுப்பு இழுத்ததும் பற்றிக்கொண்டது. புகை அதிகம் இல்லை. மூடிக்கு மேலே புதுப் பெயிண்ட் பளபளத்தது. பணத்தை எண்ணிக் கொடுத்துவிட்டு வந்தேன். நான்காவது மாதம், அலையைத் தாண்டும்போது எஞ்சின் பின்பக்கமாக ஆடுவது போலத் தெரிந்தது. கரைக்கு வந்து கழற்றிப் பார்த்தால், எஞ்சின் மாட்டும் பின்பலகைக்கு உள்ளே இருந்த மரம் நனைந்து, கருத்து, காப்பித் தூள் மாதிரி உதிர்ந்தது. வெளியே ஃபைபர் தோல் மட்டும் மிச்சம். அதைச் சரிசெய்ய ஆன செலவுக்கு அன்றே கொஞ்சம் கூடப் போட்டு நல்ல படகாகவே வாங்கியிருக்கலாம்.

அந்த வயிற்றெரிச்சலில் எழுதுகிறேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள். 18 முதல் 22 அடி வரை நீளமுள்ள ஃபைபர் படகு, பின்னால் 9.9 குதிரைத்திறன் அவுட்போர்டு எஞ்சின், அதுவும் பழையது. முதன்முதலாகப் படகு வாங்குகிற பெரும்பாலானோர் இப்படித்தான் தொடங்குகிறார்கள். நான் படகு வைத்திருப்பது பூம்புகாருக்கும் தரங்கம்பாடிக்கும் நடுவில், அலை நேராக வந்து அடிக்கும் திறந்த கரையில். சொல்வதெல்லாம் அந்தக் கரையில் கற்றது.

முதலில் கரை, அப்புறம்தான் படகு

எந்தப் படகு வாங்கலாம் என்று கேட்டு வருகிறவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது, எங்கே இறக்கப் போகிறீர்கள் என்றுதான். கோடியக்கரை ஒரு பெரிய பிரிவுக் கோடு. அதற்கு வடக்கே சென்னை வரைக்கும் கரை திறந்த கரை. அலை உடையும் இடத்தைத் தாண்டித்தான் கடலுக்குள் போக முடியும், அதே இடத்தைத் தாண்டித்தான் திரும்ப முடியும். அணியம், அதாவது படகின் முன்முனை, நன்றாக உயர்ந்து, பக்கச்சுவர் உயரமாக, இரண்டு மூன்று பேர் தள்ளக்கூடிய எடையில் இருக்கும் படகு அங்கே வேண்டும். கோடியக்கரையைச் சுற்றித் தெற்கே இறங்கினால் பாக் விரிகுடா. அங்கே ஆழம் மிகக் குறைவு, அலை அடிப்பும் குறைவு. ஆனால் கடல்தாழை நிறைய. காத்தாடியில் சுற்றிக்கொள்ளும். புரொப்பல்லரைத்தான் கரையில் காத்தாடி என்பார்கள். அங்கே தட்டையான அடி கொண்ட, அரை ஆள் தண்ணீரிலும் மிதக்கும் படகு போதும். ஒரு பக்கத்துக்கு நல்ல படகு மறுபக்கத்துக்குத் தொல்லை. மலிவாகக் கிடைக்கிறது என்று ராமேஸ்வரத்துக்கு அருகே மண்டபம் ஊர்ப் படகை வாங்கி வந்து எங்கள் கரையில் இறக்கியவரை எனக்குத் தெரியும். முதல் நாளே அலை உள்ளே குதித்தது.

இன்னொரு விஷயம். திறந்த கரை வெறும் மணல் இல்லை. அந்த மணலில் யார் படகு எங்கே நிற்கும் என்பதை ஊர்ப் பஞ்சாயத்துத் தீர்மானித்திருக்கும். வெளியிலிருந்து வருகிறவர் படகை வாங்கி வைத்துக்கொண்டு அப்புறம் இடம் கேட்டால் நன்றாக இருக்காது. முதலில் போய் ஊர்ப் பெரியவர்களைப் பாருங்கள். நான் போனபோது ஒரு பெரியவர் கேட்ட முதல் கேள்வி, “தம்பி, ஒனக்கு நீச்சல் தெரியுமா?” என்பதுதான். இரண்டாவது, படகை மேலே ஏற்ற ஆள் இருக்கிறதா என்பது. இப்போது பல ஊர்களில் டிராக்டர் வைத்துத்தான் படகை இழுக்கிறார்கள். அதற்கும் ஒரு கூலி, ஒரு முறை உண்டு. இதெல்லாம் தெரிந்த பிறகு விலை பேசப் போங்கள்.

படகைத் தட்டிப் பார்ப்பது

காலையில் வெயில் ஏறுவதற்கு முன் போங்கள். படகு காய்ந்திருக்க வேண்டும். விற்பவர் “அண்ணே, இப்பத்தான் கழுவி வச்சேன்” என்று ஈரமாகக் காட்டினால், காயும் வரை உட்கார்ந்து டீ குடியுங்கள். ஈரத்தில் விரிசல் தெரியாது.

பின்பலகையில் தொடங்குங்கள். பட்டறைக்காரர்கள் இதை டிரான்சம் என்பார்கள். பெரும்பாலும் உள்ளே ஒட்டுப்பலகை, இரண்டு பக்கமும் ஃபைபர். ஒரு சின்ன மரச்சுத்தியலாலோ ஸ்பேனரின் பின்பக்கத்தாலோ ஓரத்திலிருந்து நடு வரை மெதுவாகத் தட்டிக்கொண்டே வாருங்கள். நல்ல இடம் ‘டக் டக்’ என்று கெட்டியாக ஒலிக்கும். உள்ளே மக்கிய இடம், பழுத்த பலாவைத் தட்டியது போல மந்தமாகப் பேசும். எஞ்சின் மாட்டியிருந்தால் இன்னொரு சோதனை: எஞ்சினைத் தூக்கிச் சாய்த்து வைத்து, அதன் கீழ்முனையைப் பிடித்து மேலும் கீழும் அழுத்துங்கள். பின்பலகை கொஞ்சம்கூட அசையக் கூடாது. பலகையும் பக்கச்சுவரும் சேரும் மூலையில் மயிரிழை விரிசல் திறந்து மூடினால், விலை எவ்வளவு குறைந்தாலும் எழுந்து வந்துவிடுங்கள். போல்ட் ஓட்டைகளைச் சுற்றிப் பழுப்பு நிறத்தில் தண்ணீர் வடிந்த தடம் இருந்தாலும் அதே நோய்தான். மரம் நனைவது பெரும்பாலும் ஓட்டை வழியாகத்தான்.

அடுத்தது அடிப்பக்கம். நாலு பேரைக் கூப்பிட்டுப் படகைச் சாய்க்கச் சொல்லுங்கள். கூச்சப்பட வேண்டாம், மாடு வாங்கப் போனால் பல்லைப் பார்ப்பதில்லையா? அடியில் முதுகெலும்பு போல ஓடும் ஏராதான் மணலில் தினமும் தேய்கிற இடம். தேய்ந்து தேய்ந்து மேல்பூச்சான ஜெல்கோட் போய், கண்ணாடி நார் வெளியே தெரிந்தால், அந்த வழியாகத் தண்ணீர் ஏற ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம். சரிசெய்யக்கூடியதுதான், ஆனால் விலையில் கழிக்க வேண்டும். ஒரே புள்ளியிலிருந்து நட்சத்திரம் போலப் பிரியும் விரிசல் எங்கேயாவது இருந்தால், அங்கே ஏதோ இடித்திருக்கிறது. உள்பக்கம் போய் அதே இடத்தை அழுத்திப் பாருங்கள். கொப்புளம் கொப்புளமாக இருந்தால் ஒன்றை ஆணியால் குத்துங்கள். புளித்த வாடையோடு நீர் வந்தால், மேல்பூச்சுக்குக் கீழே ஈரம் குடியிருக்கிறது.

தளத்தின் மேல் ஏறிக் குதிகாலால் நடந்து பாருங்கள். மெத்தை போல அமுங்கும் இடம் இருக்கக் கூடாது. தளத்துக்கு அடியில் மிதப்புக்காகத் தெர்மோகோல் அடைத்திருப்பார்கள். வருடக்கணக்கில் தண்ணீரில் ஊறிய தெர்மோகோல் மிதக்க உதவாது, பாரத்தைத்தான் கூட்டும். இதைக் கண்டுபிடிக்க எளிய வழி: இதே அளவுள்ள வேறொரு படகை எத்தனை பேர் தூக்குகிறார்கள் என்று பார்த்துவிட்டு, இதைத் தூக்கிப் பாருங்கள். இரண்டு ஆள் கூடுதலாகத் தேவைப்பட்டால் விடை கிடைத்துவிட்டது.

படகின் வயதையும் கேளுங்கள். 2004 சுனாமிக்குப் பிறகு நிவாரணமாகக் கொடுக்க ஏராளமான ஃபைபர் படகுகளை அவசர அவசரமாகக் கட்டினார்கள். அவற்றில் நல்லவையும் இருந்தன, பாய் போடுகிற கணக்கில் இரண்டு அடுக்கு நார் போட்டுத் தள்ளியவையும் இருந்தன. பக்கச்சுவரைக் கட்டைவிரலால் அழுத்தினால் உள்ளே போய் வெளியே வருகிற படகு எந்த வருடத்ததாக இருந்தாலும் வேண்டாம்.

எஞ்சின்

சின்னப் படகில் பெரும்பாலும் எஞ்சின்தான் விலையின் பெரும்பங்கு. அதனால்தான் எல்லோரும் அதையே பார்க்கிறோம். ஆனால் சரியான இடத்தைப் பார்ப்பதில்லை. சூடாக இருக்கும் எஞ்சினை யாரும் ஓட்டிக் காட்டலாம். நீங்கள் வருவதற்குள் ஓட்டிச் சூடேற்றி வைத்திருக்கிறாரா என்று முதலில் மூடியைத் தொட்டுப் பாருங்கள். ஆறிய எஞ்சின் மூன்று நாலு இழுப்பில் வந்தால் போதும், நல்லது.

ஓட ஆரம்பித்ததும் பின்பக்கத்துச் சின்னத் துளையிலிருந்து நீர் பீய்ச்ச வேண்டும். அதுதான் குளிர்ச்சித் தண்ணீர் சுற்றுவதற்கு அடையாளம். குழந்தை ஒன்றுக்குப் போவது மாதிரி தொடர்ச்சியாக வர வேண்டும். விட்டுவிட்டு வந்தாலோ சூடான ஆவியாக வந்தாலோ, உள்ளே தண்ணீரைத் தள்ளும் ரப்பர் இம்பெல்லர் தேய்ந்திருக்கலாம், அல்லது உப்பு அடைத்திருக்கலாம். முதலாவது சின்னச் செலவு, இரண்டாவது பெரிய செலவு. தண்ணீர் இல்லாமல் ‘சும்மா ரெண்டு நிமிஷம்’ ஓட்டிக் காட்டுகிறேன் என்றால் தடுத்துவிடுங்கள். அந்த இரண்டு நிமிஷத்தில்தான் இம்பெல்லர் கருகுகிறது.

பிறகு அடியில் இருக்கும் கியர்பெட்டி. கீழ்த்திருகை லேசாகத் தளர்த்தி நாலு சொட்டு எண்ணெய் எடுங்கள். தேன் நிறம், பச்சை, கருப்பு எதுவும் பரவாயில்லை. பால் கலந்த டீ மாதிரி இருந்தால் உள்ளே கடல்தண்ணீர் புகுந்திருக்கிறது. பெரும்பாலும் காரணம் தூண்டில் நரம்பு. காத்தாடிக்குப் பின்னால் சுற்றிக்கொண்ட நைலான் நரம்பு, அச்சில் இருக்கும் ரப்பர் சீலை அறுத்துவிடும். எங்கள் கரையில் கியர்பெட்டி சாவதற்கு இதைவிடப் பெரிய காரணத்தை நான் பார்க்கவில்லை. மெக்கானிக் கூட வந்தால் கம்ப்ரஷன், அதாவது சிலிண்டருக்குள் இருக்கும் அழுத்தம், பார்க்கச் சொல்லுங்கள். இரண்டு சிலிண்டர்களும் ஒன்றுக்கொன்று பத்து சதவீதத்துக்குள் இருக்க வேண்டும்.

கடைசியாக அளவு. எஞ்சினின் தண்டு 15 அங்குலம், 20 அங்குலம் என்று இரண்டு நீளத்தில் வரும். காத்தாடிக்கு மேலே ஒரு தட்டையான தகடு இருக்கும். அது படகின் அடிமட்டத்துக்குச் சமமாகவோ ஒரு அங்குலம் கீழேயோ நிற்க வேண்டும். தண்டு குட்டையாக இருந்தால் காத்தாடி காற்றைப் பிடித்து வெறுமனே அலறும். அதிகம் நீளமாக இருந்தால் படகு இழுபடும், எரிபொருளையும் குடிக்கும். விற்பவரின் படகுக்குப் பொருந்திய எஞ்சின் உங்கள் படகுக்குப் பொருந்தும் என்று எண்ணிவிடாமல், டேப் எடுத்துப் போங்கள்.

காகிதம்

சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மீன்பிடிக்கிற படகு என்றால் 1983-ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டப்படி மீன்வளத்துறையில் பதிவு இருக்க வேண்டும். பதிவு ‘ரியல்கிராஃப்ட்’ என்ற இணையத்தளம் வழியாக நடக்கிறது. படகின் பக்கத்தில் இந்தியா, தமிழ்நாடு என்பதைக் குறிக்கும் எழுத்துகளோடு எண் எழுதியிருக்கும். அந்த எண்ணும் பதிவுப் புத்தகத்தில் இருக்கும் எண்ணும் ஒன்றா, விற்பவர் பெயரும் புத்தகத்தில் இருக்கும் பெயரும் ஒன்றா என்று பாருங்கள். எஞ்சினின் தொடர் எண்ணைப் பில்லோடு ஒப்பிடுங்கள். பெயர் மாற்றாமல் முழுப் பணத்தையும் கொடுக்காதீர்கள். காயல், ஏரி, ஆறு என்று உள்நாட்டு நீரில் ஓட்டப் போகிறவர்களுக்கு 2021-ஆம் ஆண்டின் உள்நாட்டுக் கலங்கள் சட்டம் பொருந்தும், அது தனி வழி.

முதல் மாதம் ஓட்டுவது

மாசி, பங்குனியில் தொடங்குங்கள். வாடை அடங்கி, கடல் தரையாக இருக்கும் மாதங்கள் அவை. ஐப்பசி, கார்த்திகையில் படகு வாங்கியிருந்தால் தை கழியும் வரை படகை மணலில் வைத்து எஞ்சினைக் கற்றுக்கொள்ளுங்கள்.

கைப்பிடியால் திருப்பும் எஞ்சினில் முதலில் எல்லோருக்கும் குழப்பம் வரும். கைப்பிடியை இடது பக்கம் தள்ளினால் படகு வலது பக்கம் திரும்பும். இதைப் படித்துத் தெரிந்துகொள்ள முடியாது, கை பழக வேண்டும். காலையில் ஒரு தண்ணீர்க் கேனைக் கயிற்றில் கட்டி மிதக்கவிட்டு அதைச் சுற்றிச் சுற்றி எட்டு போடுங்கள். ஒரு மணி நேரத்தில் கைக்குப் புரிந்துவிடும். இன்னொன்று, படகுக்கு பிரேக் கிடையாது. கேனுக்குப் பக்கத்தில் நிறுத்த வேண்டுமானால் காற்று வரும் திசையைப் பார்த்து, அதற்கு எதிராக மெதுவாகப் போங்கள். காற்றே பிரேக். காற்றோடு சேர்ந்து போய் நிறுத்தப் பார்த்தால் கேனையும் தாண்டி, பக்கத்துப் படகையும் இடித்துவிட்டுத்தான் நிற்பீர்கள்.

சுமையைக் கவனியுங்கள். ஓட்டுகிறவர், எண்ணெய்த் தொட்டி, ஐஸ் பெட்டி எல்லாம் அமரத்தில், அதாவது பின்முனையில், குவிந்தால் அணியம் வானத்தைப் பார்க்கும், எதிரே என்ன வருகிறது என்று தெரியாது. தொட்டியை நடுவுக்கு நகர்த்துங்கள்.

எஞ்சினை நிறுத்தும் சிவப்புக் கயிறு ஒன்று இருக்குமே, கில் ஸ்விட்ச் கயிறு, அதை உயிர்கவசத்திலோ தொடையிலோ மாட்டிக்கொண்டுதான் ஓட்ட வேண்டும். நம் ஊரில் இதைக் கழற்றி எறிந்துவிட்டு ஒரு ரப்பரைச் சுற்றி வைத்துவிடுவார்கள். ஆள் விழுந்தால் ஆளில்லாத படகு வட்டம் போட்டுக்கொண்டே விழுந்த ஆளை நோக்கி வரும், காத்தாடி சுற்றியபடி.

இனி அலை. உடையும் அலையைத் தாண்டுவதை, தெரிந்தவர் ஒருவரோடு ஆறு மாதமாவது போய்த்தான் கற்க வேண்டும். இங்கே நான் எழுதுவது அவர் சொல்வது புரிவதற்காக மட்டும்.

இறங்குவதற்கு முன் பதினைந்து நிமிஷம் சும்மா நின்று பாருங்கள். பெரிய அலைகள் கூட்டமாக வரும், அப்புறம் கொஞ்சம் ஓய்வு கிடைக்கும். ஏழாவது அலைதான் பெரியது என்று சொல்வார்கள். நான் எண்ணிப் பார்த்தவரை கடலுக்கு அந்தக் கணக்குத் தெரியவில்லை. பெரிய கூட்டம் முடிந்ததும் தள்ள வேண்டும். தண்ணீரில் நிற்கும்போது படகுக்கும் கரைக்கும் நடுவில் ஒருபோதும் நிற்காதீர்கள். படகைத் தூக்கி எறியும் அலை உங்கள் மேல்தான் எறியும். பக்கவாட்டில், கடல்பக்கம் பார்த்து நில்லுங்கள். எஞ்சின் இறங்கும் ஆழம் வந்ததும் தயங்காமல் அலைக்கு நேர் எதிராகப் போக வேண்டும். பாதி வழியில் யோசித்துத் திரும்ப நினைப்பவர்தான் பக்கவாட்டில் அலையை வாங்குகிறார். அலையின் முதுகில் ஏறும்போது வேகம், உச்சியில் சற்றுக் குறைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் படகு பறந்து போய் அடி தட்டும். முன்பு சொன்ன நட்சத்திர விரிசல்கள் பாதி இப்படி வருபவை.

திரும்பி வருவது இன்னும் கடினம். அலை உடையும் இடத்துக்கு வெளியே நின்று எல்லாவற்றையும் கட்டிவிடுங்கள். ஒரு பெரிய அலை உங்களைக் கடந்து போகட்டும், அதன் முதுகைப் பிடித்துக்கொண்டு அதே வேகத்தில் வாருங்கள். அதை முந்தக் கூடாது, பின்னால் வருவது உங்களை முந்தவும் விடக் கூடாது. பின்னாலிருந்து அலை அமரத்தைத் தூக்கினால் அணியம் தண்ணீரில் குத்தி, படகு குறுக்கே திரும்பி உருண்டுவிடும். மணலைத் தொட்டதும் எஞ்சின் தானாகத் தூக்கிக்கொள்ளும்படி அதன் பூட்டை முன்பே விடுவித்து வையுங்கள்.

ஆற்று முகத்துவாரம் இன்னொரு வகை ஏமாற்று. நம் கரையில் கடல்நீர் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் வித்தியாசம் ஏறத்தாழ ஒரு மீட்டர்தான், சில இடங்களில் அதுவும் இல்லை. அதனால் பலரும் கண்டுகொள்வதில்லை. ஆனால் குறுகிய முகத்துவாரத்தில் வற்றத் தண்ணீர் வேகமாக வெளியேறும்போது கடலிலிருந்து வரும் அலை அதன் மேல் மோதி, சுவர் மாதிரி நிமிர்ந்து உடையும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் இன்னும் மோசம். உள்ளே போக வேண்டுமென்றால் ஏற்றம் வரும் வரை வெளியே காத்திருங்கள். அரை நாளுக்குள் தண்ணீர் மாறிவிடும்.

காற்று இல்லை, வானம் தெளிவு, அலை மட்டும் பெரிது என்று சில நாள் இருக்கும். எங்கோ தென்பெருங்கடலில் அடித்த புயலின் அலை இங்கே வந்து சேர்ந்திருக்கும். கேரளத்தார் இதற்கு வைத்த பெயர் கள்ளக்கடல். ஹைதராபாத்தில் 1999 முதல் இருக்கும் இன்காய்ஸ் நிறுவனம் இதற்குத் தனியாக எச்சரிக்கை கொடுக்கிறது. அதையும் வானிலை மையத்தின் மீனவர் எச்சரிக்கையையும் இரவே பார்த்துவிட்டுத் தூங்குங்கள்.

நங்கூரம் போடுவதில் ஒரே ஒரு தவறுதான் ஆபத்தானது: அமரத்தில் கட்டுவது. கைக்கு எட்டுகிறதே என்று பின்பக்கம் கட்டினால், தாழ்வான பின்பலகை வழியாக அலை நேரே உள்ளே வரும். அணியத்தில்தான் கட்ட வேண்டும். கயிறு ஆழத்தைப் போல ஐந்து மடங்கு விடுங்கள், காற்று இருந்தால் ஏழு மடங்கு. நாலு பாகத்தில் (ஒரு பாகம் என்பது இரண்டு கையையும் விரித்த நீளம்) நிற்கிறீர்கள் என்றால் இருபது பாகம் கயிறு. நங்கூரத்துக்குப் பக்கத்தில் இரண்டு மூன்று மீட்டர் சங்கிலி இருந்தால் அது மண்ணில் படுத்துப் பிடிக்கும்.

எரிபொருள் கணக்கு: முழு வேகத்தில் இரண்டு ஸ்ட்ரோக் எஞ்சின் ஒரு குதிரைத்திறனுக்கு மணிக்கு ஏறத்தாழ அரை லிட்டர் குடிக்கும். 9.9 எஞ்சின் என்றால் நாலரை முதல் ஐந்து லிட்டர். 24 லிட்டர் தொட்டியில் மூன்றில் ஒரு பங்கு போக, ஒரு பங்கு வர, ஒரு பங்கு தொடக் கூடாதது. ஆக, போகும் வழிக்கு எட்டு லிட்டர், ஒன்றரை மணி நேரத்துக்குச் சற்றுக் கூட. அதற்கு மேல் மீன் எவ்வளவு கூப்பிட்டாலும் போகாதீர்கள்.

கூடவே இருக்க வேண்டியவை: ஆளுக்கொரு உயிர்கவசம், இரண்டு துடுப்பு, தண்ணீர் இறைக்க வெட்டிய கேன், குடிநீர், விசில், டார்ச், மாற்று ப்ளக், அதைக் கழற்றும் ஸ்பேனர், கத்தி. கத்தி எதற்கு என்று கேட்பவர் இன்னும் காத்தாடியில் வலை சுற்றிப் பார்த்ததில்லை. கைப்பேசியை நெகிழி உறையில் கட்டிக் கழுத்தில் போட்டுக்கொள்ளுங்கள். கடலோரக் காவல் குழுமத்துக்கு 1093, கடலோரக் காவல்படைக்கு 1554.

கரைக்கு வந்த அரை மணி நேரம்

களைத்துப் போய் வருவீர்கள், மீனை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போகத் தோன்றும். எஞ்சின் எத்தனை வருடம் உழைக்கும் என்பது அந்த நேரத்தில் என்ன செய்கிறீர்கள் என்பதில் இருக்கிறது.

ஒரு பெரிய பிளாஸ்டிக் டிரம்மில் நல்ல தண்ணீர் நிரப்பி, தண்ணீர் உறிஞ்சும் துளைகள் முழுகும்படி எஞ்சினை இறக்கிப் பத்து நிமிஷம் மெதுவாக ஓடவிடுங்கள். கடல்தண்ணீர் உள்ளே காய்ந்தால் உப்பு கட்டியாகி வழியை அடைக்கும். நாலு நாள் ஓட்ட மாட்டீர்கள் என்றால், டிரம்மில் ஓடும்போதே எண்ணெய்க் குழாயைப் பிடுங்கி, கார்பரேட்டரில் இருப்பது தீர்ந்து தானாக நிற்கட்டும். வெளியே ஈரத்துணியால் துடைத்து, மூடியைத் திறந்து துரு எதிர்ப்புத் தெளிப்பான் லேசாக அடியுங்கள்.

பெட்ரோலில் எண்ணெய் கலக்கும்போது 50-க்கு 1 என்றால் 20 லிட்டருக்கு 400 மில்லி. கண்ணளவு வேண்டாம், அளவுக் குடுவை வாங்குங்கள். பழைய மோட்டார் சைக்கிளுக்கு ஊற்றும் டூ-டி எண்ணெய் மலிவு என்று அதை ஊற்றுகிறார்கள். அது காற்றால் குளிரும் எஞ்சினுக்கானது. தண்ணீரால் குளிரும் அவுட்போர்டுக்கு டிசி-டபிள்யூ3 என்று எழுதியிருக்கும் எண்ணெய்தான். மண்ணெண்ணெயில் ஓடும் எஞ்சினாக இருந்தால் பெட்ரோலில் தொடங்கி, சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றி, நிறுத்துவதற்குச் சற்று முன் மறுபடி பெட்ரோலுக்கு வர வேண்டும். மறந்தால் மறுநாள் காலை கயிறு இழுத்துத் தோள் கழன்றுவிடும்.

இப்போது பங்க்குகளில் கிடைக்கும் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால். எத்தனால் ஈரத்தைக் குடிக்கும். அளவு மீறினால் தண்ணீரோடு சேர்ந்து தொட்டியின் அடியில் தனியாக இறங்கிவிடும், எஞ்சின் முதலில் உறிஞ்சுவதும் அதைத்தான். அதனால் பெட்ரோலைச் சேர்த்து வைக்காதீர்கள். தண்ணீர் பிரிக்கும் வடிகட்டி ஒன்று பொருத்திவிடுங்கள்.

கியர் எண்ணெயை நூறு மணி நேரத்துக்கு ஒருமுறை, அல்லது ஆறு மாதத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். கீழ்த்துளையிலிருந்து ஏற்றி மேல்துளையில் வழியும் வரை நிரப்ப வேண்டும், மேலிருந்து ஊற்றினால் காற்று நின்றுவிடும். மாதம் ஒருமுறை காத்தாடியைக் கழற்றி நரம்பு இருக்கிறதா பாருங்கள். இம்பெல்லர் வருடம் ஒன்று. எஞ்சின் அடியில் சாம்பல் நிறத்தில் ஒரு துத்தநாகக் கட்டி இருக்கும், மற்ற உலோகங்களுக்குப் பதிலாக அது அரிபட வேண்டும் என்றே வைத்தது. பாதி கரைந்ததும் மாற்றுங்கள். அழகுக்கென்று அதன்மேல் பெயிண்ட் அடித்தால் அது வேலை செய்யாது.

படகு எப்போதாவது கவிழ்ந்து எஞ்சின் முழுகிவிட்டால், தூக்கியதும் காய வைக்காதீர்கள். காற்றுப் பட்டதும்தான் துரு வேகமெடுக்கும். நல்ல தண்ணீரில் கழுவி, ப்ளக்கைக் கழற்றி, கயிற்றை இழுத்து உள்ளே இருக்கும் நீரை வெளியேற்றி, எண்ணெய் விட்டு, அன்றைக்கே ஓட்டிவிட வேண்டும். மெக்கானிக் நாளைக்குத்தான் வருவார் என்றால், அவர் வரும் வரை எஞ்சின் நல்ல தண்ணீர் டிரம்முக்குள்ளேயே கிடக்கட்டும்.

ஃபைபர் ஒட்டுவது

சின்ன விரிசலுக்குப் பட்டறை தேவையில்லை. ரெசின், அதைக் கெட்டியாக்கும் கேட்டலிஸ்ட், கண்ணாடி நார் மேட், ஒரு பிரஷ், அசிட்டோன். அடிபட்ட இடத்தைச் சுற்றி ஒரு கை அகலத்துக்குச் சரிவாகத் தேயுங்கள், பெயிண்டின் மேல் ஒட்டினால் உரிந்து வரும். உப்புப் போகக் கழுவி, நன்றாகக் காய்ந்த பின் அசிட்டோனால் துடையுங்கள். நம் ஊர் வெயிலுக்கு ஒரு கிலோ ரெசினுக்குப் பத்து மில்லி கேட்டலிஸ்ட் போதும். கலக்கியதும் கால்மணி நேரம் போல அவகாசம் இருக்கும், அதற்குள் முடிகிற அளவுக்கே கலக்குங்கள். நிழலில், காலையில் செய்யுங்கள். மழைநாளில் ஒட்டினால் பிசுபிசுத்தபடியே கிடக்கும்.

இரண்டு எச்சரிக்கை. கடைக்காரர் ஊதா நிறத்தில் ஆக்சிலரேட்டர் என்று தனியாகக் கொடுத்தால், அதையும் கேட்டலிஸ்டையும் நேரடியாகச் சேர்த்து ஊற்றாதீர்கள், வெடிக்கும். ஒன்றை ரெசினில் முழுவதும் கலக்கிய பிறகுதான் மற்றது. கேட்டலிஸ்ட் ஒரு துளி கண்ணில் பட்டால் பார்வையே போகலாம், கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். அப்புறம், மிதப்புத் தெர்மோகோலின் மேல் ரெசினை நேராக ஊற்றிவிட்டு அது உருகி மறைவதை நின்று பார்த்தவன் நான். பெட்ரோல் சிந்தினாலும் அதே கதிதான்.

பின்பலகையில் புதிதாக எதை மாட்டினாலும் ஒரு வேலை செய்யுங்கள். போல்ட்டைவிடப் பெரிதாக ஓட்டை போட்டு, அதை ரெசினால் நிரப்பிக் கெட்டியானதும், அதன் நடுவில் போல்ட்டுக்கான ஓட்டையைப் போடுங்கள். மரத்தைத் தண்ணீர் தொடவே வழியில்லை. என் முதல் படகில் யாரோ இதைச் செய்யாமல் விட்டிருந்தார்கள்.

புயல் காலம்

2018 நவம்பரில் கஜா வேதாரண்யம் பக்கம் கரையேறியபோது, கரையோரம் நின்ற படகுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நொறுங்கின. எச்சரிக்கை வந்ததும் டிராக்டருக்கு எல்லோரும் ஒரே நேரத்தில் ஓடுவார்கள், நீங்கள் முந்திக்கொள்ளுங்கள். படகை எவ்வளவு மேலே ஏற்ற முடியுமோ அவ்வளவு ஏற்றி, எஞ்சினையும் தொட்டியையும் வீட்டுக்குக் கொண்டுபோய்விடுங்கள். எஞ்சினை நின்ற நிலையில் வைக்க வேண்டும், படுக்கப் போட்டால் உள்ளே தேங்கிய நீர் சிலிண்டருக்குப் போகும். படகை நாலு பக்கமும் கட்டுங்கள், சவுக்கு மரத்தில் என்றால் வேருக்குப் பக்கத்தில் தாழ்வாக.

மழைக்காலம் முழுவதும் அணியம் சற்று மேலே இருக்கும்படி நிறுத்தி, அமரத்தில் இருக்கும் வடிகால் துளையின் அடைப்பானைப் பிடுங்கிவிடுங்கள். மழைத்தண்ணீர் நின்றால் தளமும் பின்பலகையும் ஊறும். பிடுங்கிய அடைப்பானைக் கில் ஸ்விட்ச் கயிற்றின் முனையில் கட்டித் தொங்கவிடுங்கள். மூன்று மாதம் கழித்து முதல் நாள் கடலுக்கு இறங்கும்போது அந்தக் கயிறு இல்லாமல் எஞ்சின் ஓடாது, கயிற்றை எடுத்தால் அடைப்பான் கையில் வந்து நிற்கும்.